குரல் இல்லாத பக்கம்

மெர்டெல்லா பியூசி தன் ஆயுளில் ஒரு நாள்கூட டான்ஸ் நடக்கும் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் அந்த வருடம் கிங்ஸ்டனில் ஆடிய இடுப்புகளில் பாதி அவள் விரல் சொன்னபடிதான் ஆடின. இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும். வரட்டும். உண்மை அதுதான்.

வால்தம் பார்க் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் அவள் வீடு. தகர வேலி, ஒரு சீமைப்பலா மரம், ஜன்னலோரம் காலால் மிதிக்கும் தையல் மெஷின். பையன்களுக்குக் காக்கி, பெண்பிள்ளைகளுக்கு நீலச் சீருடை என்று அந்தச் சந்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அவள் தையலில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். கணவன் கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போனவன். பறிக்கிற காலம் முடிந்து எல்லாரும் திரும்பினார்கள், அவன் மட்டும் அங்கேயே பழுத்துவிட்டான். பிள்ளை கிடையாது. அவளுக்கு இருந்தது மெஷினும் சபையும்தான். சபையில் அவளுக்கென்று, பாட்டுக்கு அடியில் கனத்து ஒலிக்கிற ஒரு பேஸ் கிட்டார் இருந்தது.

அவளுக்கென்று என்பது பேச்சுக்கு. கிட்டார் சபையுடையது. மீன் வறுத்து விற்று வாங்கினார்கள். முன்னால் வாசித்துக்கொண்டிருந்தவர் நியூயார்க் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடாமல் சுவரில் சாய்ந்து கிடந்ததை மெர்டெல்லா எடுத்து மடியில் வைத்தாள். பிறகு இறக்கவேயில்லை. கழுத்துப் பக்கம் அவள் விரல் பட்டுப் பட்டு வண்ணம் போய் உள்ளே மரம் தெரிந்தது.

அவள் வாசிப்பில் ஒரு விசேஷம் உண்டு. அவளுடைய மெஷினின் வார் பழசு. மிதிக்கும்போது மூன்று முறை பிடிக்கும், நாலாவதில் கொஞ்சம் வழுக்கும். வருடக்கணக்காக அந்த ஓட்டத்தில் பாடிப் பாடித் தைத்தவள், சபையிலும் அப்படியே வாசித்தாள். மூன்று எட்டு உறுதியாக வைத்து, நாலாவதில் கால் இடறுகிற மாதிரி ஒரு சறுக்கல். கிழவிகள் அந்தச் சறுக்கலில்தான் எழுந்து ஆவியில் ஆடுவார்கள்.

டயர் கடைக்குப் பின்னால் பாட்டுப் பதிவு செய்யும் அறை வைத்திருந்த எவரால்ட் மின்டோ, சபை வேலிக்கு வெளியே நின்றே அதைக் கேட்டிருக்கிறான். ஒரு திங்கட்கிழமை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மிஸ் மெர்டி, நேத்து வாசிச்சீங்களே, மூணு எட்டு வச்சு ஒரு எட்டு வழுக்குமே, அது என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு."

"மண்டைக்குள்ள ஓடினா பத்தாது மின்டோ, மனசுக்குள்ள ஓடணும். வர்ற ஞாயித்துக்கிழமை உள்ள வந்து உக்காரு."

"வர்றேன் மா, சத்தியமா வர்றேன். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ என் எடத்துக்கு வாங்க. பிரதர் ஹெட்லி ஒரு ஸ்தோத்திரப் பாட்டு பாடுறாரு. அதுக்குத்தான் கேக்குறேன்."

"பிரதர் ஹெட்லியா?"

"பிரதர் ஹெட்லிதான்."

மின்டோ பொய் சொல்லவில்லை. பிரதர் ஹெட்லி பாடத்தான் பாடினார். ஆனால் அந்த ஊரில் ஒரு ரிடிம் ஒருவருக்கு மட்டும் கட்டப்படுவதில்லை. ஒரு டிரம், ஒரு பேஸ், அவ்வளவுதான் ரிடிம். அது ஆயத்தமானதும் ஏழெட்டுப் பேர் வரிசையாக வந்து ஆளுக்கொரு பாட்டு அதன் மேல் பாடிவிட்டுப் போவார்கள். ஒருவன் காதலைப் பாடுவான், ஒருவன் கடவுளை, ஒருவன் துப்பாக்கியை. டான்ஸில் இசைத்தட்டு போடுகிறவன் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் விடுவான். குரல் மாறும், கால் நிற்காது. ஒரு பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டால் ஜனங்கள் கைக்கெட்டிய தகரத்திலும் பலகையிலும் ஓங்கி அடிப்பார்கள். அடித்தால் அவன் தட்டை நிறுத்தி முதலிலிருந்து போட்டே ஆகவேண்டும். சனிக்கிழமைதோறும் அந்தத் தகர அடி மெர்டெல்லாவின் தலையணைவரை கேட்கும்.

அந்தச் சந்தில் விரல் சூப்புகிற குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஹெட்லி மட்டும்தானா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்துவிட்டால் போக முடியாது. அதனால் கேட்கவில்லை.

பட்டப்பகலில், தொப்பி வைத்துக்கொண்டு, பையில் வேதாகமத்தோடு போனாள். ஜெபம் பண்ணிவிட்டு வாசித்தாள். மின்டோ அதைப் பெரிய ஸ்பீக்கரில் திருப்பிப் போட்டுக் காட்டியபோது அவள் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தன் விரலுக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருந்ததா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் தட்டுகள் வெளிவந்தன. மின்டோ அந்த ரிடிமுக்குப் பெயர் வைத்தான், தையல் மெஷின் என்று. அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, புத்திசாலி. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் அந்தப் பெயர். அந்த வட்டாரத்தில் மிதி மெஷின் இருந்தது ஒரே வீட்டில்.

பிரதர் ஹெட்லியின் பாட்டு வந்தது. அதே பேஸின் மேல் லேடி பெப்பர் என்கிற ஒருத்தியின் பாட்டும் வந்தது. அதன் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, சந்தையில் கிழங்கு வெட்டுகிற பெண்கள் கத்தியை ஆட்டி ஆட்டிப் பாடினார்கள். குழாயில் தண்ணீர் வராததைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. பிரிந்துபோன காதலிக்கு ஒரு பாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் மெர்டெல்லா.

"ஏறுங்க மிஸ் மெர்டி, உங்க பாட்டுதான் ஓடுது, உங்களுக்கு டிக்கெட் கிடையாது!" என்பான் மினிபஸ் நடத்துனர்.

"நான் நடந்தே போறேன். எனக்குக் கால் இருக்கு."

"அந்தக் காலுதான் மா ஊரையே ஆட்டி வைக்குது!"

பஸ்ஸே சிரிக்கும். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெயிலில் நடப்பாள்.

இதுவரைக்கும் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது லின்வாலின் பாட்டு.

லின்வால், பாடகர் குழுவை நடத்துகிற சிஸ்டர் பேர்லினின் ஒரே மகன். அவனுடைய முதல் காக்கியைத் தைத்ததே மெர்டெல்லாதான். ஆராதனையில் அவள் காலடியில் உட்கார்ந்து தாம்பூரின் என்கிற கைப்பறையைத் தட்டி வளர்ந்தவன். மீசை முளைத்ததும் சபையை விட்டுப் போனான். ஒரு வருடம் எங்கே சுற்றினானோ, இப்போது தையல் மெஷின் ரிடிமில் அவன் குரல். நல்ல குரல், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாடியதெல்லாம் துப்பாக்கி. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் பகை இருந்த அந்தச் சந்தில், கீழ்முனைப் பையன்களில் ஒருவனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டிருந்தான், உன் அம்மாவைக் கறுப்பு உடுப்புத் தைக்கச் சொல் என்று.

பேர்லின் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை, அதுதான் எல்லாரையும் அடித்துப்போட்டது.

"பாஸ்டர், எம்புள்ளைய வெளிய இழுத்துட்டுப் போனது சிஸ்டர் மெர்டெல்லாவோட வாசிப்பு. வேற யாரோட ரிடிமா இருந்தாலும் அவன் பயந்திருப்பான். இது சின்ன வயசுலேர்ந்து அவன் கேட்டுத் தூங்கினது. அம்மா மடின்னு நெனச்சுப் போய்ப் படுத்துட்டான். சாத்தான் இந்த வீட்டுக்குள்ள வந்துதான் அத எடுத்துட்டுப் போயிருக்கான்."

பாஸ்டர் வைலி மெர்டெல்லாவைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"கூப்பிட்டாங்க, போனேன். வாசிச்சேன். என்ன சொல்லணும்?"

அவளைப் பின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை என்றால் அங்கே அதுதான். ஈஸ்டர் வரைக்கும் கதவோரம் கடைசி பெஞ்சு, இராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது, சாட்சி சொல்லக் கூடாது, வாத்தியம் தொடக் கூடாது. கிட்டாரின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவைத்தார்கள். டிரம்மும் தாம்பூரினும் மட்டும் வைத்துப் பாடினார்கள், பாட்டு உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. கிழவிகள் எழுந்து நிற்பார்கள், சறுக்கலுக்காகக் காத்திருப்பார்கள், அது வராது, உட்கார்ந்துவிடுவார்கள். பின் பெஞ்சில் மெர்டெல்லாவின் விரல்கள் மட்டும் பாவாடை மேல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் அவள் இளைத்துப்போனாள். வீட்டில் மெஷின் மிதித்தால் அதே ஓட்டம் கேட்டது. அதற்காக மெஷினை நிறுத்த முடியுமா?

ஈஸ்டருக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியானம், கறி அடைத்த பேட்டி ரொட்டி விற்கிற கடை வாசலில் லின்வாலைச் சுட்டுவிட்டார்கள். கையில் பாதி தின்ற பேட்டியோடு விழுந்தான். சுட்டது அவன் பாட்டில் பெயர் சொன்ன பையனின் தம்பி என்று ஊருக்கே தெரியும். போலீசுக்கு மட்டும் தெரியாது.

செய்தி வந்தபோது மெர்டெல்லா தைத்துக்கொண்டிருந்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது. என் பேஸ் மேல் ஏறி நின்றுதானே அந்தப் பெயரைச் சொன்னான், நான் வாசிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பானா என்ற கேள்வி அன்றைக்கு அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அதன்பின் எழுந்து போகவேயில்லை.

அடக்கத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பேர்லின் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் மகனுடைய தட்டு இருந்தது.

"சிஸ்டர், இதோட முன்பக்கத்த என்னால கேக்க முடியல. குரல் அவனோடதுதான். ஆனா அவன் சொல்றத ஒரு அம்மா எப்படிக் கேப்பா? அதனால திருப்பிப் போடுறேன்."

அந்த ஊர்த் தட்டுகளில் முன்பக்கம் பாட்டு இருக்கும். பின்பக்கம் குரல் இல்லாமல் வெறும் ரிடிம் மட்டும் இருக்கும்.

"பின்பக்கத்துல அவன் இல்ல," என்றாள் பேர்லின். "ஆனா அவன் வர வேண்டிய எடம் இருக்கு. மூச்சு இழுக்குற எடம், நிறுத்துற எடம், எல்லாம் இருக்கு. வார்த்த மட்டும் இல்ல. அந்த மாதிரி இருந்தா எனக்குப் போதும். சனிக்கிழமை பெட்டி பக்கத்துல நின்னு நீங்க அத வாசிக்கணும்."

மெர்டெல்லா அந்தத் தட்டைப் பார்த்தாள். அவளும் மனுஷிதான், மாதக்கணக்கில் விழுங்கியது மேலே வந்தது.

"சாத்தானோட வாசிப்புன்னு எழுந்து நின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்ப?"

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்," என்றாள் பேர்லின். "ஆனா எம்புள்ளையோடதுல அதுதான மிச்சம் இருக்கு."

இதற்கு மேல் என்ன கேட்பது? மெர்டெல்லா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வைலி வந்தார். அந்தச் சந்தில் இரண்டு முனைக்கும் நடுவே நடந்துபோகத் துணிந்த ஒரே ஆண் அவர்தான். வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சிஸ்டர், உங்க பெஞ்சு நாளைக்கோட முடியுது. ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கு வந்து கிட்டார எடுங்க, அடக்க ஆராதனைய நீங்க இல்லாம நடத்த முடியாது. எந்தப் பாட்டு வேணும்னாலும் வாசிங்க. அது மட்டும் வேணாம்."

"பேர்லின் கேட்டா, பாஸ்டர்."

"என்கிட்டயும் கேட்டா. முடியாதுன்னு சொன்னேன். அவ அம்மா, கேப்பா. நான் மேய்ப்பன். பேர் சொல்லி மிரட்டுற அந்தப் பாட்டுப் போட்டி ஆரம்பிச்சதுலேர்ந்து இது மூணாவது பெட்டி. நாளைக்கு வாசல் முழுக்க அவன் கூட்டாளிங்க நிப்பானுங்க. அந்த பேஸ் கேட்டா அவனுங்க வாயில எந்த வார்த்த வரும்னு உங்களுக்குத் தெரியும். அது கீழ்முனைக்குக் கேக்கும். அடுத்த வாரம் நாலாவது பெட்டிக்கு ஜெபம் பண்ண என்னால முடியாது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

"அத வாசிச்சீங்கன்னா அந்த கிட்டார் அப்புறம் உங்களுக்கு இல்ல. கோவத்துல சொல்லல சிஸ்டர். சொன்னா செய்யணும், இல்லன்னா இந்தச் சந்துல என் பேச்ச ஒருத்தன் கேக்க மாட்டான்."

"தெரியும் பாஸ்டர்," என்றாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். "கைமடிப்பு பிரிஞ்சு தொங்குது. இதப் போட்டுக்கிட்டா நாளைக்குப் பெட்டி முன்னால நிக்கப் போறீங்க? கழட்டுங்க."

பாஸ்டர் உள்பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் மெஷினை மிதித்தாள். மூன்று முறை பிடித்து ஒரு முறை வழுக்கி, மூன்று முறை பிடித்து ஒரு முறை வழுக்கி, தையல் ஓடியது. பாஸ்டரின் பாதம் தரையில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அவர் அதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். மெர்டெல்லா பார்க்காத மாதிரி நூலைப் பல்லால் கடித்தாள்.

சனிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. பின்கட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் பையன்கள், எல்லார் மார்பிலும் லின்வாலின் முகம் அச்சடித்த வெள்ளைச் சட்டை. சந்தைப் பெண்கள் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மெர்டெல்லா படுக்கை விரிப்பை விலக்கி கிட்டாரை எடுத்தாள். வண்ணம் போன இடத்தில் விரல் போய்த் தானாக உட்கார்ந்தது. கீர்த்தனைகளை வாசித்தாள். கிழவிகள் அழுதுகொண்டே எழுந்து ஆடினார்கள். எல்லாருக்கும் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. நாளையிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே இருக்கலாம், கொஞ்சம் சும்மா இருந்தால் போதும்.

பெட்டியை மூடினார்கள். பேர்லின் அதன் தலைமாட்டில் நின்றாள். அழவில்லை, கேட்கவுமில்லை. மெர்டெல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பங்குக்காக வரிசையில் நிற்கிறவளின் பொறுமை அது.

மெர்டெல்லாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. குனிந்து, மூன்று எட்டு வைத்து ஒரு எட்டு சறுக்கினாள்.

சபையில் ஒரு மூச்சு நின்று வந்தது. டிரம் வாசிக்கிறவர் பாஸ்டரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு மெல்லக் குச்சியை எடுத்தார். முன்வரிசைக் கிழவிகளுக்குத் தெரிந்தது பிரதர் ஹெட்லியின் பாட்டு, அதைப் பாடினார்கள். நடுவில் யாரோ பிரிந்த காதலியின் பாட்டை முணுமுணுத்தார்கள், இன்று அது வேறு பிரிவாகக் கேட்டது. சந்தைப் பெண்களுக்குத் தெரிந்த வார்த்தைகள் சபையில் சொல்லக் கூடியவையல்ல, அவர்கள் உதட்டை இறுக மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் விட்டார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை. எல்லாருடைய எடையையும் அந்த ஒரு பேஸ் தூக்கிக்கொண்டு நடந்தது.

வாசலில் பையன்கள் தோளை அசைக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது லின்வாலின் பாட்டு. அவன் குரல் நுழைகிற இடம் நெருங்கியது. ஒருவன் வாய் திறந்தான். பாஸ்டர் எழுந்தார்.

அவருக்கு முன்னால் பேர்லின் வாசலை அடைந்துவிட்டாள். உள்ளங்கையைத் தூக்கி அவர்கள் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இது அவன் எடம். ஒருத்தன் வாயத் திறக்கக் கூடாது. அவன் பாடுறான்."

பையன்கள் வாயை மூடினார்கள். உள்ளே கிழவிகளும் நிறுத்தினார்கள், டிரம்மும் நின்றது. ஒரு முழுச் சரணத்தின் நீளத்துக்கு அந்த பேஸ் மட்டும் தனியாகப் போனது. அதன் மேல் யாரும் இல்லை. அவன் மூச்சு இழுத்திருக்கக் கூடிய இடங்களில் மெர்டெல்லா ஒரு நொடி வழிவிட்டாள். கொழுகொழுவென்று காலடியில் உட்கார்ந்து தாம்பூரின் தட்டிய பிள்ளை அவள் கண்ணுக்குள் நின்றான். கீழ்முனைவரை கேட்டிருக்கும். கேட்டவர்கள் காதில் ஒரு பெயரும் விழவில்லை.

சரணம் முடிந்தது. அவள் கடைசி நரம்பைக் கையால் அமர்த்தினாள்.

பேர்லின் வாசலிலிருந்து திரும்பி நடந்து வந்தாள். பெட்டியருகே நின்றாள். ஆயுளில் ஒரு டான்ஸையும் எட்டிப்பார்க்காதவள், பாடகர் குழுவை நடத்துகிறவள், வலது கையை ஓங்கி மகனுடைய பெட்டியின் மூடியில் அறைந்தாள். இன்னொரு தடவை அறைந்தாள். பலகை அதிர்ந்தது. வாசலில் ஒரு பையன் அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

அந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெர்டெல்லா பாஸ்டரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நேற்று அவள் தைத்துக்கொடுத்த கைமடிப்போடு அந்தக் கை வேதாகமத்தை மெதுவாக மூடியது. சொன்னதைச் செய்யப்போகிறவர். அதையும் அவள் புரிந்துகொண்டாள். கிட்டாரின் வண்ணம் போன கழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.